வண்டியே வீடு... சிக்னல் எங்கே? ஒரத்தநாடு சாலையில் ஒரு பயணம்

தை பிறந்துவிட்டால் தஞ்சாவூர் - பட்டுக்கோட்டை சாலையில் நெல் அறுவடை இயந்திரங்களை ஏற்றிய லாரிகள் வரத் தொடங்கிவிடும். சேலம், ஆத்தூர், நாமக்கல், பெரம்பலூர் பக்கத்து வண்டிகள்தான் அதிகம். ஓட்டுநரும் உதவியாளரும் ஊர் திரும்பப் பல வாரங்கள் ஆகும். அதுவரை லாரியின் பின்பக்கம்தான் படுக்கை, வயலோர பம்புசெட்டுதான் குளியலறை. சமையல், நிறுத்திய இடத்தில்.

வெளிநாடுகளில் லட்சம் லட்சமாய்க் கொட்டி 'ஆர்.வி.' என்ற வீட்டு வண்டியை வாங்குகிறார்கள். நம்மூரில் சினிமா நட்சத்திரங்களால் 'கேரவன்' என்ற பெயர் பழகிவிட்டது. கேரளம் 2021-லேயே கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. டெல்டாவில் வண்டியிலேயே வாழ்கிறவர்கள் அதற்கு முன்பிருந்தே இருக்கிறார்கள். யாரும் அவர்களைச் சுற்றுலாப் பயணி என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இவர்களுக்குச் சாப்பாட்டுக்கு அடுத்த தேவை சிக்னல். அறுவடை இயந்திர உரிமையாளர்களின் போன் எண்கள் அரசின் 'உழவன்' செயலியில் இருக்கின்றன. வயல்காரர் அழைப்பார். "மெஷின் இப்ப எங்க நிக்குது? லொக்கேஷன் அனுப்புங்கண்ணே" என்பார். லைன் கிடைக்கவில்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. கதிர் சாய்ந்து கிடக்கிறது, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. ஈரத்தில் இரண்டு நாள் கிடந்தால் நெல் முளைத்துவிடும். இந்தப் பக்கம் இயந்திரம் சும்மா நின்றாலும் மாதத் தவணை நிற்காது. ஒரு 'நாட் ரீச்சபிள்' இரண்டு வீட்டையும் பாதிக்கிறது.

வழிப்போக்கர்களைப் பற்றிக் கவலைப்படுவது ஒரத்தநாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, முத்தாம்பாள் நினைவாக 1802-ல் கட்டிய சத்திரம் இந்த ஊரில் இருக்கிறது. ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. தஞ்சையிலிருந்து ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்கள் இங்கே தங்கி, சாப்பிட்டு, இளைப்பாறிப் போனார்கள். சத்திரத்தின் அடித்தளத்தைப் பாருங்கள். யானையும் குதிரையும் இழுத்துப்போகும் தேர் போலச் செதுக்கியிருக்கிறார்கள். இருநூறு வருடத்துக்கு முன்பே கல்லில் ஒரு கேரவன்!

அன்றைக்கு ஒரு சத்திரத்திலிருந்து அடுத்த சத்திரத்துக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு நடந்தார்கள். இன்றைக்கு அந்தக் கணக்கு செல்போன் டவருக்கு.

ஒரத்தநாடு பேருந்து நிலையத்தின் அருகே போனில் நாலு கட்டையும் நிறையும். ஊரைத் தாண்டி கல்லணைக் கால்வாய் பாயும் வயல்வெளிக்குள் இறங்கினால் ஒரு கம்பெனி நன்றாக இழுக்கும், இன்னொன்று படுத்துவிடும். அடுத்த கிராமத்தில் இது தலைகீழாகலாம். தெற்கே பாப்பாநாடு, பட்டுக்கோட்டை நோக்கிப் போகப் போகத் தென்னந்தோப்புகள் கூடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 5ஜி பெரும்பாலும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிறது. வேகம் அதிகம், ஆனால் அது மரங்களையும் சுவர்களையும் தாண்டி நெடுந்தூரம் வராது. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை வேகத்தில் சுமார்தான், ஆனால் தூரம் வரும். போதாக்குறைக்கு வண்டியின் இரும்புக் கூண்டு வேறு சிக்னலை மறிக்கும். ஹாட்ஸ்பாட் போடும் போனை இருக்கைக்கு அடியில் வைக்காமல், வெயில் படாத ஜன்னலோரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆகவே, வண்டியில் கிளம்புகிறவர்கள் பெரிய பேக் போடுவதைவிட, இன்னொரு கம்பெனி சிம்மைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஒரே கம்பெனியில் இரண்டு சிம் வாங்கிப் பயனில்லை, டவர் ஒன்றுதானே! வங்கிக் கணக்கோடு இணைத்த சிம்மைக் கழற்றவே கூடாது. ஓ.டி.பி.யும் யு.பி.ஐ.யும் அதை நம்பித்தான் இருக்கின்றன. இரண்டாவது சிம் டேட்டாவுக்கு. ஒரு மாத பேக் போதும், வருட பேக் வேண்டாம். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, அப்பாவின் ஆபீஸ் மீட்டிங் என்று நான்கைந்து பேர் தொங்குவதாக இருந்தால், சிம் போடும் சின்ன வைஃபை ரௌட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். ஒரே போனை நாள் முழுக்க ஹாட்ஸ்பாட்டாக வைத்தால் சூடாகி பேட்டரி வீணாகும்.

'அன்லிமிடெட் 5ஜி' என்ற வார்த்தையையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 5ஜி சிக்னல் இருக்கும்வரைதான் அன்லிமிடெட். தோப்புக்குள் போன் தானாக 4ஜிக்கு இறங்கியதும் தினசரி அளவிலிருந்து கழியும். அதுவும் தீர்ந்தால் 64 கேபிபிஎஸ். அதில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும். படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எந்த ஊரில் எந்தக் கம்பெனி எடுக்கும் என்று கிளம்புவதற்கு முன்பே பார்க்க ஒரு வழி வந்திருக்கிறது. கவரேஜ் மேப்பைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2024-ல் ட்ராய் விதி கொண்டுவந்தது. ஆனால் மேப்பில் பச்சையாகத் தெரிவதாலேயே வண்டிக்குள்ளும் வரும் என்று அர்த்தமில்லை. ராத்திரி தங்கப்போகும் ஊரின் டீக்கடையிலோ ரீசார்ஜ் கடையிலோ ஒரு வார்த்தை கேட்டால், மேப் சொல்லாததையும் சொல்வார்கள்.

அமெரிக்க ஆர்.வி. பயணிகள் கூரையில் தட்டு வைத்து, செயற்கைக்கோளிலிருந்து ஸ்டார்லிங்க் இணையம் எடுக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்கு இந்திய உரிமம் 2025 ஜூனில் கிடைத்தது. ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். தென்னை மரத்தடியில் நிறுத்தினால் அதுவும் திணறும்.

எந்த சிம்மும் உதவாத ஒரு காலத்தையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைகளும் மின்கம்பங்களும் வேரோடு சாய்ந்தன. கரன்ட் போனதும் டவர்கள் பேட்டரியிலும் டீசலிலும் கொஞ்ச நேரம் ஓடின. பிறகு அவையும் அடங்கின. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் வீட்டுக்குப் பேச முடியாமல் தவித்தார்கள். ஜெனரேட்டர் இருந்த இடங்களில் போனுக்கு சார்ஜ் போட வரிசை நின்றது.

அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் இன்னமும் சட்டைப்பையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கிறார்கள், முக்கியமான எண்களை டைரியில் எழுதி வைக்கிறார்கள். அடுத்த முறை சாலையோரம் அறுவடை இயந்திரம் நின்றால் அதன் பக்கவாட்டைக் கவனியுங்கள். பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்த போன் எண் இருக்கும். பல வண்டிகளில் இரண்டு எண்கள்.