ராத்திரிக் கணக்கு

வலிப்புக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'போன தடவை வந்துட்டுப் போனதுக்கப்புறம் எத்தனை தடவை வந்துச்சு?'

உடனே குடும்பமே விட்டத்தைப் பார்க்கும். 'நாலு இருக்குமா?' என்பார் அப்பா. 'தீபாவளிக்கு முந்தின நாள் வந்ததையும் சேர்த்தா அஞ்சு' என்பாள் அம்மா. இந்த நாலையோ அஞ்சையோ வைத்துக்கொண்டுதான் மாத்திரையைக் கூட்டுவதா, மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யவேண்டும். பி.காம். படித்த எனக்கு வயிற்றைக் கலக்கும். வவுச்சர் இல்லாமல் பாலன்ஸ் ஷீட் போடுகிற வேலை அது!

என் அக்கா மகளுக்கு வலிப்பு உண்டு. வயது 23, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன வருஷம் செல்போனில் ஒரு டைரி ஆப் இறக்கிக்கொண்டாள். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம் இழுத்தது, மாத்திரை போட்டாயா, முந்தின ராத்திரி தூங்கினாயா, மாதவிலக்கு எப்போது... கேட்கக் கேட்கத் தட்டிக்கொண்டே போனால், மாசக் கடைசியில் படமே போட்டுக் காட்டிவிடுகிறது. அமெரிக்காவில் ஒரு தம்பதி தங்கள் மகனுக்காக யோசித்து, 2007-ல் தொடங்கிய 'சீஷர் டிராக்கர்' இந்த ரகத்தில் முன்னோடி.

எல்லாம் சரி. ஆனால், வலிப்பு வந்தவருக்கு, வந்ததே பல சமயம் தெரியாது! பிறகு எங்கே எழுதுவது?

ஜெர்மனியில், பான் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 91 பேரைப் படுக்கவைத்து, தலையில் வயர் மாட்டி, கேமராவும் வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2007-ல் வெளியானது. மொத்தம் 582 வலிப்புகள். அதில் பாதிக்கு மேல் நோயாளிகள் குறிக்கவே இல்லை. தூக்கத்தில் வந்தவற்றில் 86 சதவிகிதம் காணோம். தினமும் ஞாபகப்படுத்திப் பார்த்தும் பெரிய மாற்றமில்லை. சோம்பேறித்தனமில்லை சார், மூளையே அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறது.

ஆக, பக்கத்தில் இருக்கிறவர்தான் கணக்குப்பிள்ளை. அவரும் சத்தியசந்தர் இல்லை. 'பத்து நிமிஷம் இழுத்துச்சு' என்று அக்கா சத்தியம் செய்தாள். வீடியோவில் பார்த்தால் 1 நிமிஷம் 40 செகண்ட். பெத்த வயிறு, அதற்குப் பத்து நிமிஷம்தான்! இரும்புச் சாவியைத் தேடி ஓடுகிற நேரத்தில் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்ப்பது உத்தமம். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கூட ஒரு ஆள் இருந்து செல்போனில் படம் எடுத்தால், டாக்டர் கும்பிடுவார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த டைரி, மூணு மாசமாகப் படு சுத்தம். ஒரு வலிப்புகூட இல்லை. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் மருமகள் போன் செய்து என்னை வரச் சொன்னாள்.

"மாமா, காலைல எந்திரிச்சா நாக்கு கடிபட்டிருக்கு. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது. அம்மாகிட்ட கேட்டா, நல்லாத்தானேடி தூங்கினேங்கறாங்க. பக்கத்துல படுக்கறது அவங்கதான்!"

எனக்குப் புரிந்தது. மூணு மாசம் முன்புதான் ஜாதகம் எடுத்திருந்தார்கள்.

அக்கா முதலில் மழுப்பினாள். பிறகு வெடித்தாள். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல எவனாவது அந்தப் போனை எடுத்துப் பார்த்தா என்னடா ஆவும்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அடிக்கடி வலிப்பு வருகிறவர் கல்யாணம் செய்துகொள்ளத் தகுதியில்லை என்று 1976-ல் இந்து திருமணச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். 1999-ல்தான் அதை எடுத்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. அக்கா குடியிருக்கும் தெருவிலிருந்து இன்னும் போகவில்லை.

ஆனால், தூக்கத்தில் வரும் பெரிய வலிப்பு விளையாட்டில்லை. அபூர்வமாக ஆளையே கொண்டுபோய்விடும். சுத்தமான டைரியைப் பார்த்தால், டாக்டர் இதே மாத்திரை போதும் என்றுதானே நினைப்பார்? அதைச் சொன்னேன். அக்கா பதில் பேசவில்லை. எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கையில் மாத காலண்டர். பால் பாக்கெட் கணக்கு எழுதுகிற காலண்டர். கட்டத்துக்குக் கட்டம் 2, 2, 3 என்று பால் கணக்கு. சில கட்டங்களின் மூலையில் மட்டும் பென்சிலால் கடுகளவு ஒரு புள்ளி. பக்கத்தில் மணி. மூணு மாசத்துக்கு ஏழு புள்ளிகள்!

அக்கா தேதியைப் படிக்கப் படிக்க, மருமகள் செல்போனில் ஏற்றினாள். ஏழில் ஐந்து, விடியற்காலை நாலிலிருந்து அஞ்சரைக்குள்.

"ஏம்மா, இதையாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பயப்படுவே" என்றாள் அக்கா.