உப்புத்தாளும் நம்பர் கணக்கும்

பொட்டி தட்டுறவனுக்கும் உப்புத்தாளுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கப்படாது. ஊர்ல எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை போன மாசம் என் தலையில விழுந்துச்சு. அப்பாவும் நானும்தான் ஆளுங்க. அக்கா கைக்குழந்தையோட வர்றதுக்குள்ள முடிக்கணும்னு அம்மாவோட உத்தரவு.

முதல்ல நம்பர் கணக்கு. தாளோட பின்பக்கம் 80, 120, 220ன்னு அச்சடிச்சிருக்கும். ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் இருக்குற சல்லடையில துகளைச் சலிச்சாங்கங்கறதுல இருந்து வந்த எண் அது. நம்பர் ஏற ஏற துகள் பொடிசாகும். 80 போட்ட கீறலை 120 அழிக்கணும், 120 போட்டதை 180 அழிக்கணும். 80ல இருந்து நேரா 320க்குத் தாவினா கைக்கு வழவழன்னுதான் இருக்கும். பாலீஷ் ஏறினதும் கோடெல்லாம் பல்லை இளிக்கும். டெஸ்டிங் பண்ணாம ரிலீஸ் பண்ற கதைதான் :-)

தேக்குக் கதவுல பழைய பாலீஷ் உரிஞ்சிருந்தா மட்டும் 80. இல்லன்னா 120, 180, 220 போதும். மரத்தோட ரேகை ஓடுற திசையிலதான் தேய்க்கணும், குறுக்க கூடாது. ஒவ்வொரு நம்பருக்கும் முன்னாடி பென்சில்ல லேசா கிறுக்கி வச்சுக்கங்க. கிறுக்கல் மொத்தமும் போனா அடுத்த நம்பருக்குப் போகலாம். ஒரு கோட் வார்னிஷ் காஞ்சதும் அடுத்த கோட்டுக்கு முன்னாடி 320ல லேசா ஒரு தடவு.

வெனீர் ஒட்டின அலமாரின்னா 180க்குக் கீழ தொடவே தொடாதீங்க. மேல இருக்குற மர ஏடு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அது போச்சுன்னா போனதுதான்.

சுவத்துல பட்டி நல்லா காஞ்சப்புறம் மேடு தட்ட 180, முடிக்க 320. டார்ச்சை சுவத்தோட ஒட்டிப் பக்கவாட்டுல அடிச்சா மேடு பள்ளம் அப்படியே தெரியும்.

இப்ப ஜன்னல் கம்பி. இங்கதான் எனக்கும் அப்பாவுக்கும் முட்டிக்கிச்சு. "80 நம்பர் போட்டு சரசரன்னு சுரண்டுடா, அரை நாள் வேலை"ன்னார். வீடு கட்டினது 1994ல. வீட்டுப் பெயிண்ட்ல பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல ஈயம் இருக்கக்கூடாதுங்கற விதி நம்ம நாட்டுல 2016ல வந்து, 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின எனாமல்ல ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காஞ்ச தாள்ல தேய்ச்சா அந்தத் தூசி தரையெல்லாம் படியும். எட்டு மாசக் குழந்தை அதே தரையில தவழ்ந்து, அதே கையை வாயில வைக்கும். ஈயம் குழந்தைங்க மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரைக்கும் பரவால்லன்னு ஒரு அளவே கிடையாது.

அதனால வாட்டர் பேப்பர் 220. தண்ணில நனைச்சு நனைச்சு, பெயிண்ட்டோட பளபளப்பு மங்குற அளவுக்கு மட்டும் தேய்ச்சேன். இரும்பு தெரியுற வரைக்கும் போகல. துரு இருந்த இடத்துல மட்டும் 120, அதுவும் ஈரமா. கீழ பிளாஸ்டிக் ஷீட், மூஞ்சில என்95 மாஸ்க். வழிஞ்ச சகதியை ஈரத்துணியால துடைச்சு, துணியையும் ஷீட்டையும் பையில கட்டித் தூக்கிப் போட்டாச்சு. கம்பியை உடனே காயவச்சு அன்னைக்கே ரெட் ஆக்சைடு. விட்டா மறுநாளே புதுத்துரு.

மூணு நாள் ஆச்சு. அப்பா முனகிக்கிட்டேதான் தண்ணி ஊத்தினார். பய இப்ப அந்தக் கம்பியைப் புடிச்சுதான் எந்திரிச்சு நிக்கிறான்.

உங்க வீட்டுலயும் பழைய ஜன்னல் இருந்தா, தாள் வாங்கப் போறதுக்கு முன்னாடி வீட்டோட வயசைக் கேட்டுக்கங்க மக்களே.