பீரோவும் ஒரு ஹார்ட்வேர்தான்

வீட்டுக்குன்னு சொந்தமா ஒரு நாஸ் வைக்கணும்னு கிளம்பினா, முதல்ல காதுல விழுறது பிராசசர் பேருதான். ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல ஆளாளுக்கு ஒரு யோசனை. ஐ7 போடு, 32 ஜி.பி. ராம் போடுன்னு ஏத்திவிட நம்ம ஊர்ல ஆளுக்கா பஞ்சம்?

தெரியாதவங்களுக்காக: நாஸ்னா, ரவுட்டர் பக்கத்துல ஓரமா உட்கார்ந்துகிட்டு, வீட்டில் இருக்கிற எல்லா போனுக்கும் லேப்டாப்புக்கும் பொதுவான ஹார்ட் டிஸ்கா வேலை பார்க்கிற ஒரு பொட்டி. அவ்வளவுதான். 2021 ஜூன் 1-ம் தேதியோட கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவசத்தை நிறுத்தினப்புறம், மெயிலுக்கும் படத்துக்கும் சேர்த்தே 15 ஜி.பி.தான். எங்க அம்மாவோட போன் அதை எப்பவோ தாண்டிருச்சு. பாதி 'காலை வணக்கம்' படங்கள்ங்கிறது வேற விஷயம் :-)

கடைக்குப் போறதுக்கு முன்னாடி நான் செஞ்சது கணக்கெடுப்பு. எல்லா டிஸ்கையும் நோண்டிப் பார்த்ததில் மொத்தம் 600 ஜி.பி. சொச்சம். அதுல சினிமா, பழைய சாஃப்ட்வேர்னு திரும்பக் கிடைக்கிறதைக் கழிச்சா 380 ஜி.பி. அந்த 380-லயும், போனா போனதுதான்னு சொல்ற மாதிரி ஒரு ஃபைல். 41 எம்.பி. எங்க ஆச்சி பருத்திக் காட்டில் களையெடுக்கும்போது பாடின பாட்டுகளை 2003-ல் அப்பா கேசட்டில் பதிஞ்சு வச்சிருந்தார். 43 நிமிஷம். நடுவுல ஒரு கோழி கத்தும், ஆச்சி பாட்டை நிறுத்திட்டு அதைத் திட்டும். ஆச்சி 2019-ல் போய்ச் சேர்ந்துட்டாங்க. கேசட்டில் பூஞ்சை பிடிச்சாச்சு. இப்ப இருக்கிறது 2012-ல் வாங்கின ஒரு வெளி டிஸ்கில் இருக்கிற ஒரே பிரதி.

இந்தக் கணக்கு தெரிஞ்சதும் கேள்வியே மாறிப்போச்சு. எந்தப் பொட்டி வேகமானதுங்கிறது இல்லை, எது எது செத்தாலும் இந்த 41 எம்.பி. பிழைக்கும்ங்கிறதுதான் கேள்வி.

பொட்டி

ஃபைலை எடுத்துக் கொடுக்கிறது ரொம்ப லேசான வேலை. அதுக்கு ராட்சச பிராசசர் தேவையே இல்லை. நான் பார்த்த வழிகள் மூணு. ஒண்ணு, சினாலஜி மாதிரி ரெடிமேட் பெட்டி. சுலபம், சத்தம் கம்மி, காசு கூட. ரெண்டு, 2023-ல் வந்த இன்டெல் என்100 சிப் போட்ட குட்டிப் பொட்டிகள். கரண்டு ரொம்பக் கம்மியா சாப்பிடும். ஆனா நிறைய மாடலில் 3.5 இஞ்ச் டிஸ்கை உள்ளே வைக்க இடம் கிடையாது. யூ.எஸ்.பி.யில் தொங்கவிட்டு வருஷக்கணக்கா ஓட்ட எனக்கு மனசு வரலை. மூணு, ஆபீஸ்கள் கழிச்சுவிட்ட பழைய டெஸ்க்டாப்.

மூணாவதுக்கு இப்ப நல்ல நேரம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சது. ஆறாம் தலைமுறை இன்டெல் எல்லாம் விண்டோஸ் 11-ன் தகுதிப் பட்டியலில் கிடையாது. லினக்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐ5-6500, 8 ஜி.பி. ராம் போட்ட டவர் ஒண்ணு எடுத்தேன். கடையிலேயே திறந்து பார்க்கச் சொன்னேன். 3.5 இஞ்ச் டிஸ்குக்கு ரெண்டு இடம், சாட்டா போர்ட் மிச்சம், ஃபேன் சத்தம், இவ்வளவும் சரியா இருந்தா போதும். உள்ளே ஓபன்மீடியாவால்ட் போட்டாச்சு, அது டெபியன் மேல ஓடுற இலவச சாஃப்ட்வேர்.

"இது ராத்திரி பூரா ஓடுமா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. மீட்டர் வச்சுப் பார்த்தா சும்மா இருக்கும்போது 25 வாட். ஒரு நாளைக்கு 0.6 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு 36 யூனிட். இதுவே 60 வாட் இழுக்கிற பொட்டின்னா 86 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட் பக்கத்துல நிக்கிற வீடுன்னா ஸ்லாப் மாறி பில் எகிறும். அதனால பழைய பொட்டி வாங்குறவங்க வாட்டைப் பார்த்து வாங்குங்க.

டிஸ்க்

மொத்தக் காசில் பாதிக்கு மேல இதுக்குத்தான் போகணும். டிஸ்கில் சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர்.னு ரெண்டு சாதி. எஸ்.எம்.ஆர்.ங்கிறது ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, ஒரு தடத்து மேல அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவுல ஒரு ஓட்டை மாத்தணும்னா மேல இருக்கிறதை எல்லாம் கிளப்பி அடுக்கணும் இல்லையா, அதேதான். நிறைய எழுதும்போது படுத்துக்கும். ரெய்டில் செத்த டிஸ்குக்குப் பதில் புது டிஸ்க் போட்டு மீட்கிற நேரத்தில்தான் இது கழுத்தை அறுக்கும். நாஸுக்குன்னே விற்ற டபிள்யூ.டி. ரெட் டிஸ்குகளிலும் சில எஸ்.எம்.ஆர்.னு 2020-ல் வெளியே வந்து பெரிய ரகளை ஆச்சு. ரெட் பிளஸ், ஐயன்வுல்ஃப் ரெண்டும் சி.எம்.ஆர். மாடல் நம்பரைக் கம்பெனிப் பட்டியலில் ஒருதரம் சரிபார்த்துட்டு வாங்குங்க.

4 டி.பி. ரெண்டு எடுத்தேன், வேணும்னே வேற வேற கடையில். ஒரே லாட்டில் வந்த டிஸ்குகள் ஒரே சமயத்தில் படுத்துடக் கூடாதுல்ல. பிரிச்சதும் ஸ்மார்ட் தகவலில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பார்த்தேன். புதுசுன்னா பூஜ்யமோ அதுக்குப் பக்கமோதான் இருக்கணும்.

ரெண்டையும் ரெய்டு 1-ல் போட்டா ஒண்ணு கண்ணாடி மாதிரி மத்ததோட பிரதியா இருக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் பொட்டி ஓடும். நல்ல விஷயம்தான், ஆனா இது பேக்கப் இல்லை. கண்ணாடி முன்னாடி நின்னு மீசையை எடுத்தா, கண்ணாடிக்குள்ள இருக்கிறவனுக்கும் மீசை போயிடும். தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சாலும் அதே கதை.

கரண்டு, கம்பி

"அதான் இன்வெர்ட்டர் இருக்கே, எதுக்கு யூ.பி.எஸ்.?" இது தங்கமணியின் அடுத்த கேள்வி. இன்வெர்ட்டர் மாறுற அந்தக் கண் சிமிட்டலில் பொட்டி அணைஞ்சு எழுந்திருக்கலாம். அதைவிட முக்கியம், பேட்டரி தீரப்போகுதுன்னு எங்க வீட்டு இன்வெர்ட்டர் பொட்டிக்குச் சொல்லாது. யூ.எஸ்.பி. போர்ட் இருக்கிற யூ.பி.எஸ். சொல்லும். பொட்டியும் எழுதிக்கிட்டு இருக்கிறதை முடிச்சுட்டு ஒழுங்கா தூங்கப் போகும். விலை குறைஞ்ச மாடல் பலதில் இந்த போர்ட் இருக்காது, பார்த்து வாங்குங்க.

ரவுட்டரின் லேன் போர்ட்டையும் பாருங்க. 100 எம்.பி.பி.எஸ். போர்ட்னா நொடிக்கு 11, 12 எம்.பி.தான். என் 380 ஜி.பி. ஏற ஒன்பது மணி நேரத்துக்கு மேல. கிகாபிட்னா ஒரு மணி நேரத்துல முடியும். ஐ7-க்குப் போற காசில் ஒரு கிகாபிட் ஸ்விட்சும் ரெண்டு கேட்6 கேபிளும் வாங்கினா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பீரோ

இவ்வளவு பண்ணியும், திருடனோ தீயோ வெள்ளமோ வந்தா பொட்டி மொத்தமா போயிடும். 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 3-2-1-னு ஒரு கணக்கு உண்டு. மூணு பிரதி, ரெண்டு வகைச் சாதனம், ஒண்ணு வேற ஊர்ல. அதனால பட்ஜெட்டில் முதல்லயே ஒரு 2 டி.பி. வெளி டிஸ்குக்குக் காசு ஒதுக்கிட்டேன். அது இருக்கிற இடம் கோவில்பட்டி, அம்மாவோட பீரோ. வீட்டுப் பத்திரத்துக்கும் அப்பாவோட பாஸ்புக்குக்கும் நடுவுல.

"யய்யா, இதுல ஆச்சி இருக்காளா?"ன்னு கேட்டுட்டு, ஒரு மஞ்சப்பையில் சுத்தி உள்ளே வச்சாங்க. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது புதுசா சேர்ந்ததை ஏத்தணும், அப்படியே பத்து ஃபைலையாவது திறந்து பார்க்கணும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்புறது, பிரிக்காத மொய்க் கவரை எண்ணி கணக்கு எழுதுற மாதிரி.

ஆக, முதல்முறை வாங்குறவங்களுக்கு நான் சொல்ற வரிசை: வெளியூர் பிரதிக்கு ஒரு டிஸ்க், அப்புறம் உள்ளே போடுற டிஸ்க், அப்புறம் யூ.பி.எஸ்., கடைசியாத்தான் பொட்டி. காசு பத்தலைன்னா கீழேருந்து வெட்டுங்க. மேல இருக்கிறதுல மட்டும் கை வைக்காதீங்க மக்களே.