இருளிற் காணும் ஒளி

பெண்ணையாற்றங்கரைக்கண் உள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் வைகாசித் திங்கள் முன்னிரவிலே தென்றிசை நோக்குவார்க்கு, அடிவானுக்கு மேல் 30 பாகை உயரத்திற் புகைபோன்றதொரு மீன் புலனாகும். அஃது ஒரு மீனன்று. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு கோடி மீன்கள் செறிந்த ஓமேகா செந்தாரி என்னும் திரளாம். பத்தங்குல ஆடி பொருந்திய தொலைநோக்கி, இருளில் விரிந்த கண்மணியினும் ஏறக்குறைய 1,300 மடங்கு ஒளியைத் திரட்டித் தருதலின், அப்புகை மணற்றுகள்போற் பிரிந்து பல மீன்களாய்த் தோன்றும்.

ஆயினும், கருவியின் பெருமை ஒன்றே அமையாது. கண் இருளிற் பழகுதற்கு அரைமணி நேரம் வேண்டும். இடையே ஒரு விளக்கொளி படினும் அப்பழக்கம் கெடும். மங்கிய விண்முகிலை நேரே நோக்கின் அது மறையும். சற்றே ஒதுங்கி நோக்கின் தோன்றும். விழித்திரையின் நடுவிடம் மங்கலொளியை உணரமாட்டாமையே இதற்குக் காரணம். கண் ஒளியின்றிக் காணாதென்பது சைவநூல் வல்லார் நன்கறிந்த உவமை; வேண்டாத ஒளி காட்சியை மறைக்கும் என்பதனை இவ்விரவுக் காட்சி உணர்த்துகின்றது.

முயற்சி முற்றியும் காட்சி எய்தாமையும் உண்டு. 1749-இல் ஆந்திரமீதா மண்டிலத்தின் துணையாகிய எம் 32 என்பதனை முதன்முதற் கண்டவர் கியோம் லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சு வானூலார். சூரியனை வெள்ளி கடக்குங் காட்சியைப் புதுச்சேரியில் அளக்கக் கருதி, அவர் 1760-இற் கப்பலேறினார். ஆங்கிலேயர் அந்நகரைக் கைப்பற்றினமையால், 1761-இல் அக்காட்சியைக் கடல்நடுவே அசையும் கலத்தினின்று கண்டும் அளக்கமாட்டாராயினர். ஏழாண்டு காத்து, 1768-இற் புதுச்சேரி அடைந்து கருவிகளை நிறுவினார். 1769 ஜூன் 4 விடியலில் முகில் மூடிற்று. வெள்ளி கடந்தபின்னரே கதிரவன் தெளிந்தான். அவர் பட்ட துயரம் சொல்லுந் தரமன்று.

எனினும், அந்நகரில் தங்கிய நாளில் அவர் தமிழர்பாற் கிரகண கணிதமுறையைக் கற்று, ஐரோப்பியர் அறிய நூலில் வெளியிட்டார். நேரே நாடியது மறைந்தது. ஒருபுறம் நின்றது விளங்கிற்று.

இந்நாளில் தெருவிளக்குகள் பெருகி விண்ணொளியை மறைத்து வருகின்றன. மேலே காணவேண்டுவோர் முதற்கண் தம் முற்றத்து விளக்கை அவித்து, சிறிது நேரம் அமைந்திருத்தல் வேண்டும். தேடியது தோன்றினும் தோன்றாதொழியினும், அக்காத்திருப்பு வீண்போவதில்லை.