முட்டம் பாறைக் குழியில் எத்தனை மீன்கள்?

முட்டம் என்றதுமே பலருக்கு 'அலைகள் ஓய்வதில்லை' படம்தான் நினைவுக்கு வரும். கன்னியாகுமரி மாவட்டத்தின் இந்தக் கடற்கரைக்குப் போகிறவர்கள் கலங்கரை விளக்கத்தையும், பாறையில் மோதிச் சிதறும் அலையையும் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போனால், கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து, பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரையும் கவனியுங்கள்.

முதலில் ஒன்றும் தெரியாது. நிழல் விழாமல் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், பாறை நிறத்திலேயே இருக்கும் விரல் நீள மீன்கள் மெல்ல வெளியே வரும். பாறைக் குழிகளில் வாழ்பவற்றில் உளுவை இனம் முக்கியமானது. இதன் அடிவயிற்றுத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து கிண்ணம்போல இருக்கும். பாறையைப் பற்றிக்கொள்ள அதுதான் உதவி.

இந்தக் குட்டி மீன்களை எப்படிக் கணக்கெடுப்பது? வலை வீசினால் பாறை கிழித்துவிடும். கண்ணால் எண்ணினால், கல்லுக்கு அடியில் இருப்பவை விட்டுப்போகும். அதனால் ஆய்வாளர்கள் குழித் தண்ணீரை வாளியால் இறைத்து, கைவலையால் பிடிப்பார்கள். ரோட்டினோன் என்ற தாவர நஞ்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒளிந்திருப்பவையும் கணக்கில் வந்துவிடும். ஆனால், எண்ணப்பட்ட மீன்கள் செத்துப்போகும்.

இதற்கு மாற்றாக வந்தது, நம் வீட்டில் பல்வலிக்கு வைக்கும் கிராம்புத் தைலம்! ஆல்கஹாலில் கலந்து அளவாகக் குழியில் விட்டால் மீன்கள் மயங்கும். எண்ணி, அளந்து, புதுக் கடல்நீரில் விட்டால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். அளவு கூடினால் இதுவும் உயிரைக் குடிக்கும். எனவே, பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. புவிசார் குறியீடு பெற்ற கிராம்பு இதே மாவட்டத்து மலைகளில் விளைகிறது என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

பிடித்த குழியிலேயே மீனைத் திரும்ப விடுவது ஏன் முக்கியம்? பஹாமாஸ் தீவுகளில் ஆராய்ந்து, லெஸ்டர் அரோன்சன் 1951-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. கடல் ஏறியிருக்கும்போது பாறைகளின்மேல் நீந்தும் உளுவை, எங்கெங்கே பள்ளம் இருக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்கிறது. கடல் வற்றிய பிறகு ஆபத்து வந்தால், பக்கத்துக் குழிக்குச் சரியாகத் தாவிவிடுகிறது! வேறு இடத்தில் விட்டால் அதற்கு வழி தெரியாது.

நாம் செய்யக்கூடியது எளிது. கல்லைப் புரட்டினால், இருந்தபடியே திருப்பி வையுங்கள்; அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகள் வெயிலில் காய்ந்துவிடும். மீனை பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பாறை வழுக்கும், அலை சொல்லிக்கொண்டு வராது. குழந்தைகளின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்!