ஜூம் ஆராதனையும் வாசல் காவலும்

2020 ஊரடங்கில் பல சபைகள் ஜூம் லிங்க்கைப் பொதுவில் போட்டன. விஷமிகள் அதே லிங்க்கில் புகுந்து ஜெபத்தின் நடுவே ஆபாசப் படம் ஓட்டினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 5 முதல் ஜூம் நிறுவனமே இலவசக் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லையும் வெயிட்டிங் ரூமையும் தானாகவே இயங்கும்படி வைத்தது.

ஆனால் வெயிட்டிங் ரூமில் பாதிப் பேர் 'சாம்சங்', 'ரெட்மி' என்றுதான் நிற்பார்கள்! பேரனின் போனில் வரும் பாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் சபையில் அதற்கென்றே ஓர் அக்கா இருந்தார். தெரியாத பெயர் வந்தால் உள்ளே விட்டு, "வாங்க, சத்தம் கேக்குதா?" என்று விசாரிப்பார். ஸ்கிரீன் ஷேர் ஹோஸ்டுக்கு மட்டும். பாமாலைக்கு எல்லாரும் மியூட். இல்லாவிட்டால் ஆளுக்கொரு அடி பிந்திவிடும்.

என்னைக் கேட்டால், வெளியாளைவிட நம் ஆட்கள்தான் ஆபத்து. இன்றும் யூடியூப் நேரலையில் "இன்ன தெரு இன்னாருக்குக் கர்ப்பப்பையில் கட்டி" என்று ஜெப விண்ணப்பம் வாசிக்கிறார்கள். அந்த வீடியோ அப்படியே கிடக்கும். பெண் பார்க்க வருகிறவர்களும் பார்ப்பார்கள். விண்ணப்ப நேரத்தில் நேரலையை நிறுத்துங்கள் ஐயரே. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் முகத்தைக் காட்டுமுன் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.