பூண்டியில் ஒரு முற்பகல்

எங்கள் தந்தையார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலுள்ள ஓர் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் லேத் இயந்திரத்தில் பணியாற்றியவர். கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் வந்திறங்கிய ஆண்டில், விருப்ப ஓய்வு என்னும் பெயரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். விருப்பம் அவருடையதன்று. அதன்பின் வாசற்படி தாண்டாதிருந்த அவரை, பிள்ளைகளாகிய நாங்கள் ஒரு சனிக்கிழமை ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிக்கு அழைத்துச் சென்றோம். நீர்த்தேக்கத்தைக் காட்டுவதாகச் சொல்லித்தான் இணங்கவைத்தோம். வழியில், நாங்களே பலமுறை பாராமல் கடந்துபோன அகழ்வைப்பகத்துக்குள் நுழைந்தோம்.

தொல்லியல் துறை 1985இல் அமைத்த சிறிய காட்சிக்கூடம் அது. கண்ணாடிக்குப் பின்னே கற்கள். 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகே, கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். இவ்வகைக் கருவிகளின் செய்முறையைப் பிற்கால ஆய்வாளர்கள் 'மதராஸ் இண்டஸ்ட்ரி' என்றழைத்தனர். தொழிற்பேட்டைப் பலகைகளில் நாங்கள் பார்த்துப் பழகிய அதே சொல்!

தந்தையார் ஒரு கைக்கோடாரியின் முன் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார். "ஒரு பக்கம் தட்டியிருக்கிறான், திருப்பிப் பிடித்து மறுபக்கம் தட்டியிருக்கிறான். அடிப்பாகத்தைக் கனமாக விட்டது உள்ளங்கைக்காக" என்றார். எந்த விளக்கக் குறிப்பையும் அவர் படிக்கவில்லை. குவார்ட்சைட் கல்லின் கடினத்தை மட்டும் எங்களிடம் கேட்டறிந்தார்.

படித்ததைச் சொல்லும் ஆர்வம் எங்களுக்கு. அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் அகழாய்ந்த சாந்தி பப்புவின் குழுவினர், அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் அறிவித்தனர். ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அங்குப் புதிய முறை தோன்றியதென்றும், பெரிய கைக்கோடாரிகள் படிப்படியாகக் குறைந்து, முன்னரே பதப்படுத்திய கல்லிலிருந்து பெயர்த்தெடுத்த சிறு சில்லுக் கருவிகள் பெருகினவென்றும் 2018இல் எழுதினர். இதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனோம்.

தந்தையார் இடைமறித்தார்: "அப்போது பழைய வேலை மட்டும் தெரிந்தவன் என்ன ஆனான்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாற்றம் ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் நடந்ததன்று, எத்தனையோ தலைமுறைகள் கடந்திருக்கும் என்று ஒருவாறு சமாளித்தோம்.

"அப்படியானால் அவன் கொடுத்துவைத்தவன்" என்றார்.

அதில் கசப்பு இருந்ததா என்று இன்றளவும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அவரோ அடுத்த பேழைக்கு நகர்ந்து, அங்கிருந்த கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலானார். கூடத்தை ஒருமுறை சுற்றி முடித்தவர், மீண்டும் முதற்பேழைக்கே சென்றார். நீர்த்தேக்கத்தைப் பார்க்க நேரமில்லாமற் போயிற்று.